அறுபது காட்டிய பல்

அய்யாத்துரை அன்றைக்குக் கையில் ஓர் அரத்தோடு வந்திருந்தார். கம்பெனி வாசலில் வாட்ச்மேன் அதை வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தான். அவர் கொடுக்கவில்லை. அவனோடு ஹிந்தியில் வாதாடி ஜெயித்துவிட்டு நேராக இன்ஸ்பெக்ஷன் அறைக்குள் நுழைந்தார்.

இன்ஸ்பெக்டர் திருவேங்கடத்துக்கு அவரைப் பார்த்ததுமே தலைவலி ஆரம்பித்தது.

"உக்காருங்கோ அய்யாத்துரை. சீட்டு வந்துதா?"

"வந்துது சார். அதான் வந்தேன். மூணாவதா அனுப்புன மாலும் ரிஜக்டுன்னு எழுதியிருக்கீய. மூணு தடவயும் ஒரே கையெழுத்து."

"என் கையெழுத்து எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

பம்பாய் செம்பூரில் இருந்த அந்தக் கம்பெனி தையல் மெஷின் செய்தது. ஊசிக்குக் கீழே இருந்துகொண்டு, ஒவ்வொரு தையலுக்கும் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிற சின்ன எஃகுத் துண்டு ஒன்று தையல் மெஷினில் உண்டு. சீப்பு மாதிரி வரிசையாகப் பற்கள் இருப்பதால் தையல்காரர்கள் அதைப் பல் என்றே சொல்வார்கள். கம்பெனி அதை மிருதுவான எஃகில் வெட்டி, சாக்கில் போட்டு, தாராவியில் அய்யாத்துரையின் பட்டறைக்கு அனுப்பும். அவர் அதைக் கரித்தூளோடு சேர்த்து இரும்புப் பெட்டிக்குள் அடைத்து, களிமண்ணால் வாயைப் பூசி, உலையில் ஒன்றரை மணி நேரம் பழுக்க வைத்து, பிறகு எண்ணெயில் முக்கி எடுப்பார். கரி ஏறிய மேல்தோல் மட்டும் கல் மாதிரி இறுகிவிடும். உள்ளே பழைய மிருது அப்படியே இருக்கும். தோல் இறுகினால்தான் துணி உரசி உரசிப் பல் தேயாது. உள்ளே மிருதுவாக இருந்தால்தான் உடையாது. திருநெல்வேலியிலிருந்து பதினெட்டு வயதில் பம்பாய்க்கு வந்தவர், இருபது வருஷமாக இந்த ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

திரும்பி வரும் சரக்கைச் சோதிப்பது திருவேங்கடத்தின் வேலை. அதற்கு அவரிடம் ஒரு ராக்வெல் மெஷின் இருந்தது. துண்டை மேடையில் வைத்து, கைப்பிடியை விடுவித்தால், வைரமுனை ஒன்று நூற்றைம்பது கிலோ பாரத்தோடு அதன்மேல் இறங்கும். முனை ஆழமாகப் போனால் முள் குறைந்த எண்ணைக் காட்டும். போக முடியாமல் நின்றால் கூடுதல் எண். ஜெர்மன் மாடலில் புதிதாகச் செய்ய ஆரம்பித்திருந்த மெஷினின் வரைபடத்தில் ஐம்பத்தெட்டிலிருந்து அறுபத்திரண்டுக்குள் என்று போட்டிருந்தது. அய்யாத்துரையின் பல் ஒவ்வொன்றும் நாற்பத்திரண்டு, நாற்பத்தேழு, நாற்பத்தைந்து என்று மனம் போனபடி காட்டியது.

"நீங்களே வந்து பாருங்கோ" என்று திருவேங்கடம் ஒரு பல்லை எடுத்து, அதன் தட்டையான அடிப்பக்கம் மேலே வரும்படி மேடையில் வைத்தார். முள் சுற்றி நாற்பத்து நாலில் நின்றது.

அய்யாத்துரை அதைப் பார்க்கவே இல்லை. வேறொரு பல்லை எடுத்து மேஜை விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அரத்தால் ஓங்கி இழுத்தார். கண்ணாடியில் நகம் வழுக்குவது மாதிரி அரம் வழுக்கிப் போனது. இன்னொரு தடவை இழுத்தார். பல்லில் கீறல் இல்லை.

"தூள் விழுந்துச்சா சார்? ஒரு பொட்டு விழுந்துச்சா? நாப்பத்து நாலுன்னா அரம் கடிச்சுத் தின்னுருக்கணும்."

"அரத்துல நம்பர் இருக்கா? நான் ரிஜிஸ்டர்ல என்னன்னு எழுதறது? வழுக்கித்துன்னு எழுதவா?"

"அதத்தான எழுதணும். உள்ளத எழுதுனா என்ன?"

"அப்ப மெஷின் பொய் சொல்றதுன்னு சொல்றேளா?"

"நா அப்படிச் சொல்லல. ஒங்க மெசின் எங்கயோ கோளாறுன்னு சொல்லுதேன்."

திருவேங்கடம் பொறுமையாக அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு வட்ட எஃகுக் கட்டியை எடுத்தார். இன்ன கடினம் என்று சான்று பெற்ற கட்டி அது. மெஷினைச் சரிபார்க்கவென்றே சீமையிலிருந்து வந்தது. அதன் பக்கவாட்டில் அறுபது என்று பொறித்திருந்தது. மேடையில் வைத்தார். முள் அறுபதில் நின்றது. இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் அறுபது.

"இப்ப என்ன சொல்றேள்?"

அய்யாத்துரை குனிந்து முள்ளைப் பார்த்தார். பிறகு அரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"மெசினுஞ் சரி, அரமுஞ் சரின்னா, நா என்னதான் செய்யட்டும் சார்?"

"அது உங்க பாடு. எனக்கு அம்பத்தெட்டு வேணும். எப்படிக் கொண்டு வருவேளோ தெரியாது."

இந்தப் பேச்சைப் பிற்பாடு பல தடவை நினைத்துத் திருவேங்கடம் தன்மேலேயே எரிச்சல்பட்டார். அன்றைக்கு என்னவோ நியாயமாகத்தான் தோன்றியது.

அடுத்த சரக்கை அய்யாத்துரை ஒன்றரை மணி நேரத்துக்குப் பதில் ஆறு மணி நேரம் உலையில் வைத்தார். கரிச்செலவு ஏறியது, பெட்டி இரண்டு வெடித்தது. ஆனால் முள் ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபது என்று ஒழுங்காக நின்றது. திருவேங்கடம் பாஸ் என்று எழுதினார். முன்பு திரும்பிய மூன்று சரக்கையும் வாங்கிப் போய் மறுபடி அதே மாதிரி ஆறு மணி நேரம் வைத்துக் கொண்டு வந்தார் அய்யாத்துரை. அவையும் பாஸ். ஆக மொத்தம் இரண்டாயிரம் பல். அந்த வாரம் மாட்டுங்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, "அந்தத் தாராவி ஆசாமி ஒருவழியா திருந்திட்டான்" என்று திருவேங்கடம் மனைவி பாகீரதியிடம் சொன்னார்.

அறுபத்து நாலாம் வருஷம் பிப்ரவரியில் இது நடந்தது. ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வாட்ச்மேன் வந்து, வாசலில் ஒரு பொம்பளை நின்றுகொண்டு போகமாட்டேன் என்கிறாள் என்று சொன்னான்.

"எந்தப் பொம்பளை?"

"உலை வைத்திருக்கிற பட்டிவாலா அய்யாத்துரை கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் சாப்."

வந்தவள் சாயிரா, அய்யாத்துரையின் பட்டறைக்கு எதிர்ச்சந்தில் இருந்தாள். முப்பது வயதிருக்கும். புருஷன் கப்பலில் சமையல் வேலை, வருஷத்துக்கு ஒரு மாதம் வீட்டில் இருப்பான். குழந்தைகளுக்குக் கவுன் தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பது அவள் தொழில். முந்தைய மாதம்தான் புது மெஷின் வாங்கியிருந்தாள். அய்யாத்துரைதான், நம்ம கம்பெனி சாமான், நம்பி வாங்கலாம் என்று சொல்லி வாங்க வைத்தவர்.

அவள் இன்ஸ்பெக்ஷன் அறைக்குள் வந்ததும் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மேஜையில் கொட்டினாள். பல் ஒன்றும், அதிலிருந்து தெறித்த மூன்று துணுக்குகளும் விழுந்தன.

"இருபத்தாறு நாள்ல ஒடஞ்சிருக்கு" என்றாள். "ஊசி அதுல மாட்டி ஊசியும் போச்சு. நாப்பது கவுனு வெட்டி வச்சது அப்படியே கெடக்கு. பெருநாளைக்குப் போவணும். அண்ணாச்சியக் கேட்டா, நா கம்பெனி சொன்னபடிதாம்மா செஞ்சேங்காரு. அதான் கம்பெனியக் கேக்க வந்தேன்."

அய்யாத்துரை சுவரோரம் நின்று, "நா சொல்லல சார், பாருங்க" என்றார். யாரிடம் என்ன சொல்லவில்லை என்பது விளங்கவில்லை.

திருவேங்கடத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாதபோது அவர் செய்வது ஒன்றுதான். உடைந்த பல்லை எடுத்து ராக்வெல் மேடையில் வைத்தார். முள் சுற்றி அறுபதில் நின்றது.

"இதுல குறை ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். சொல்லும்போதே தன் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை. "அம்பத்தெட்டுலேந்து அறுபத்திரண்டுக்குள்ள இருக்கணும். இது அறுபது. பாஸ்."

சாயிரா முள்ளைப் பார்த்தாள். பிறகு மேஜையில் கிடந்த துணுக்குகளைப் பார்த்தாள்.

"பாஸாயிட்டா?"

"ஆமாம்."

"அப்ப அதயே தைக்கச் சொல்லுங்க."

அய்யாத்துரை சிரிப்பை அடக்க முயன்று இருமினார். பிறகு மேஜைக்கு வந்து, ஒரு துணுக்கை எடுத்து, உடைந்த முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்.

"இதப் பாருங்க சார். கோவமில்லாமப் பாருங்க. நெடுக ஒரே மாதிரி சாம்பலா, பொடிச் சீனி கணக்கா மின்னுது. நடுவுல மிருது எங்க இருக்கு? இல்ல. உள்ள வரைக்கும் கரி ஏறிட்டு. கண்ணாடி மாதிரி ஆயிட்டு. நா ஒன்றரை மணி நேரம் வச்சா ஓரத்துல மட்டும் இந்த நெறம் இருக்கும், நடுவுல நார் மாதிரி இருக்கும். ஒங்க நம்பர் வரணும்னுதான் ஆறு மணி வச்சேன். இது ஒடையும்னு எனக்கு அப்பமே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லலை?"

"சொல்ல எங்க விட்டீய? ஒங்க பாடுன்னீய. மெசின் அறுபதுன்னுச்சு. நா வாய மூடிட்டேன். மூணு தடவ திருப்பி அனுப்புன மால நாலாந்தடவ யாரு சொமப்பா?"

இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு, திருவேங்கடம் மெஷினின் எதிரில் உட்கார்ந்தார். மெஷின் பொய் சொல்லவில்லை. அரமும் பொய் சொல்லவில்லை. முன்பு இறுகியிருந்த பல்லை மெஷின் மிருது என்றது. இப்போது உடைகிற பல்லைச் சரி என்கிறது. யாரையாவது பிடித்துத் திட்டலாம் என்றால் திட்டுவதற்கு ஆள் அகப்படவில்லை.

வரைபட அறைக்குப் போனார். அங்கே மெழுகுத் துணியில் வரைபடங்களை மசியால் நகலெடுக்கும் வேலை விசாலாக்ஷியுடையது. பாலக்காட்டுப் பெண். அப்பாவும் அம்மாவும் செம்பூரிலேயே இருந்தார்கள். கம்பெனியில் அவளைத் தவிர யாருக்கும் எந்தத் தாள் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று தெரியாது.

"இந்தப் பல்லோட வரைபடம் எங்கேர்ந்து வந்ததும்மா?"

"ஜெர்மன்காராள் அனுப்பினதுலேந்து நான் நகல் எடுத்ததாக்கும்."

"ஒரிஜினல் இருக்கா?"

அவள் கேள்வி எதுவும் கேட்காமல் எழுந்து போய், ஐந்தாவது இழுப்பறையிலிருந்து ஒரு நீலத்தாளைக் கொண்டுவந்து விரித்தாள். பல்லின் படம் அதேதான். அளவுகள் அதேதான். ஆனால் கடினம் என்ற இடத்தில், நூற்றைம்பது கிலோ பாரத்துக்கான ‘சி’ அளவில் ஐம்பத்தெட்டு என்று இல்லை. ‘பதினைந்து என்’ என்ற வேறோர் அளவில் எண்பத்தொன்பது முதல் தொண்ணூற்றொன்று வரை என்று இருந்தது. பக்கத்தில், இறுகிய தோல் மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு ஆழம் என்று தனியாகக் குறித்திருந்தது.

"இது எப்படி அதுவா மாறித்து?"

"நான் அப்பவே கேட்டேன் சார். பதினஞ்சு என்னுங்கறது வேற மெஷினாம், பதினஞ்சு கிலோ பாரம் மட்டும் போடற சின்ன மெஷினாம். அது நம்ம கம்பெனில இல்லை. அதனால புஸ்தகத்துல பட்டியலைப் பாத்து நம்ம ‘சி’ அளவுக்கு மாத்தி எழுதுன்னு கோட்வால் சார் சொன்னார். எழுதினேன்."

"தோல் ஆழம் எங்கே?"

"அது வேண்டாம், சோதிக்க வழியில்லாததை ஏன் எழுதணும்னு எடுக்கச் சொல்லிட்டார்."

கோட்வால் தலைமை இன்ஜினீயர். பார்ஸி.

திருவேங்கடம் தன் அறைக்குத் திரும்பி ராக்வெல் மெஷினோடு வந்த கையேட்டை எடுத்தார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் படித்தது. இருபத்துமூன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. சோதிக்கிற பொருள், முனை இறங்கும் ஆழத்தைப்போல் பத்து மடங்காவது தடிமன் இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அதைப் படித்த ஞாபகமும் இருந்தது. மெல்லிய தகட்டைப் பற்றிய பேச்சு, நமக்கு என்ன என்று அப்போது புரட்டிவிட்டார். பல்லின் தோலே ஒரு தகடுதானே என்று தோன்றவில்லை. நூற்றைம்பது கிலோ பாரம் அந்த மெல்லிய தோலை அமுக்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் மிருதுவான எஃகில் போய் உட்கார்ந்திருக்கிறது. முள் காட்டிய நாற்பத்து நாலு, தோலின் எண்ணும் இல்லை, உள்ளுக்குள்ளின் எண்ணும் இல்லை. இரண்டையும் போட்டுக் கலக்கிய எண்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் பாகீரதியிடம் கோட்வாலைத் திட்டினார். பிறகு அய்யாத்துரை வாயைத் திறக்காததற்காக அவரைத் திட்டினார். பிறகு ஜெர்மன்காரர்களை. பிறகு கையேட்டை அச்சடித்தவனை, எழுத்து பொடிசாக இருப்பதற்காக.

பாகீரதி அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "யார் மேல கோபம்னு முதல்ல தீர்மானம் பண்ணிக்கோங்கோ. அப்புறம் திட்டலாம். எனக்கும் கேக்க சௌகரியமா இருக்கும்."

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, மாட்டுங்காவில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனார். ஒவ்வொரு சரக்கிலிருந்தும் ஒரு பல்லை உறையில் போட்டுத் தேதி எழுதி வைப்பது அவர் வழக்கம். திருப்பி அனுப்பிய சரக்கின் பல் ஒன்று, பாஸ் செய்த சரக்கின் பல் ஒன்று இரண்டையும் கொண்டுபோனார். ஆய்வகத்தில் இருந்த மராட்டிக்காரர் இரண்டையும் குறுக்கே அறுத்து, பளபளப்பாகத் தேய்த்து, விக்கர்ஸ் மெஷினில் வைத்தார். அதில் பாரம் மிகக் கொஞ்சம். வைரமுனை பதித்த தடம் கண்ணுக்கே தெரியாது, மைக்ராஸ்கோப்பில் பார்த்து அளக்க வேண்டும். விளிம்பிலிருந்து நடுவரைக்கும் அவர் தடம் தடமாக அளந்துகொண்டே போனார். மத்தியானம் வரை ஆயிற்று.

திருப்பி அனுப்பிய பல்லின் தோல் விக்கர்ஸ் கணக்கில் எழுநூற்று நாற்பது, ராக்வெல்லில் சொன்னால் அறுபதுக்கு மேல். பத்தில் மூன்று பங்கு மில்லிமீட்டர் தாண்டியதும் இருநூறுக்கு இறங்கிவிட்டது. ஜெர்மன் தாள் கேட்டது அச்சாக அதைத்தான். பாஸ் செய்த பல்லில் விளிம்பிலும் எழுநூற்று நாற்பது, நட்டநடுவிலும் எழுநூறு.

"இந்த முதல் பல்லைச் செய்தவர் நன்றாகச் செய்திருக்கிறார்" என்றார் மராட்டிக்காரர். "இரண்டாவதைச் செய்தவரை மாற்றிவிடுங்கள்."

"ரெண்டும் ஒரே ஆள்தான்" என்றார் திருவேங்கடம்.

திங்கட்கிழமை கல்லூரித் தாளோடு கோட்வாலின் அறைக்குப் போனார். கோட்வால் நல்ல மனிதர்தான், யாரிடமும் கத்த மாட்டார். தாளை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"வரைபடம் ஐம்பத்தெட்டு கேட்டது" என்றார் இங்கிலீஷில். "நீங்கள் அறுபது பார்த்துப் பாஸ் செய்தீர்கள். உங்கள் கையெழுத்துக்கு ஒன்றும் வராது. கவலைப்படாதீர்கள்."

"நான் அதுக்குக் கவலைப்படலை சார். பல் உடைகிறது."

"எத்தனை?"

"எனக்குத் தெரிந்து ஒன்று."

"ஒன்று."

"இரண்டாயிரம் பல்லும் அதே மாதிரிதான் சார் இருக்கு. ஆயிரத்து நூறு மெஷின் வெளியே போயாச்சு. மீதியையாவது நிறுத்தி வேற பல் போடணும். போனதுக்கும் மாத்திக் குடுக்கணும்."

"ஒரு பல் உடைந்ததற்கு ஆயிரத்து நூறு மெஷினைத் திரும்ப அழைத்த கம்பெனி எதையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எழுதிக் கொடுங்கள். பார்க்கலாம்."

திருவேங்கடம் எழுதிக் கொடுத்தார். மூன்று பக்கம். எந்தச் சரக்கு சரியாக இருந்தும் தன்னால் திருப்பி அனுப்பப்பட்டது, எது கெட்டுப்போய்த் தன்னால் பாஸ் செய்யப்பட்டது என்று தேதிவாரியாகத் தன் பெயரைப் போட்டே எழுதினார். பத்து நாள் பதில் இல்லை. கேட்டால், படித்துக்கொண்டிருக்கிறேன் என்றார் கோட்வால். மூன்று பக்கத்தைப் பத்து நாளாக.

பதினோராவது நாள், அய்யாத்துரையிடமிருந்து அடுத்த சரக்கு வந்தது. வரைபடம் மாறாததால் அதுவும் ஆறு மணி நேரம் வைத்ததுதான்; திருவேங்கடம் மெஷினில் வைத்தார், அறுபது. பாஸ் என்றும் எழுதவில்லை, ரிஜக்ட் என்றும் எழுதவில்லை. சீட்டை வெறுமையாக விட்டு மூட்டைமேல் வைத்துவிட்டார். இரண்டு நாளில் மெஷின் கோக்கும் பிரிவில் பல் தீர்ந்தது. உற்பத்தி மேனேஜர் மேலே வந்து கத்தினார். வரைபடப்படி சரியாக இருக்கிறதா இல்லையா என்று கேட்டார்.

"இருக்கு."

"பின்னே பாஸ் போடு."

"மாட்டேன்."

"அப்போ ரிஜக்ட் போடு."

"அதுக்கும் வரைபடம் இடம் தரலை."

மேனேஜர், உனக்குப் பைத்தியமா என்று கேட்டார். இருக்கலாம் என்றார் திருவேங்கடம். அவருடைய பதினொரு வருஷ வேலையில் யாருக்கும் இப்படிப் பதில் சொன்னதில்லை. வெறும் சீட்டை மூட்டைமேல் நேராக்கி வைத்தார்.

நான்கு நாள் மெஷின் வெளியே போகவில்லை. ஐந்தாம் நாள் நாக்பூர் ஏஜெண்டிடமிருந்து பார்சல் ஒன்று வந்தது. உள்ளே உடைந்த பல் பதினேழு. அந்த வாரமே சூரத்திலிருந்து ஒன்பது, பூனாவிலிருந்து இருபத்திரண்டு. கோட்வால் திருவேங்கடத்தின் மூன்று பக்கத்தை எடுத்துக்கொண்டு டைரக்டர்கள் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது, தலைமை இன்ஜினீயர் முன்கூட்டியே உத்தரவிட்டு நடத்திய விசாரணையின் அறிக்கையாக அது மாறியிருந்தது. திருவேங்கடத்துக்குப் பல்லை மாற்றினால் போதும் என்றிருந்தது.

வரைபடத்தைத் திருத்த உத்தரவு வந்தது. சின்ன மெஷினுக்கு இறக்குமதி லைசென்ஸ் கேட்டு எழுதினார்கள். அது வர எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை என்ன செய்வது என்று கேட்டபோது, திருவேங்கடமே சொன்னார். அரம் வழுக்க வேண்டும். ஒவ்வொரு சரக்கிலும் ஐந்து பல்லை வைஸில் பிடித்துச் சுத்தியால் உடைத்துப் பார்க்க வேண்டும், ஓரம் சாம்பலாகவும் நடு நாராகவும் இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை கல்லூரிச் சோதனை. இதையெல்லாம் வரைபடத்தில் எப்படி எழுதுவது என்று கோட்வால் முகம் சுளித்தார். பிறகு எழுதச் சொன்னார்.

விசாலாக்ஷி பிளேடால் மெழுகுத் துணியின் மேலிருந்த பழைய எண்ணை மெல்லச் சுரண்டினாள். துணி கிழியாமல் மசியை மட்டும் எடுக்க வேண்டும். அரை மணி ஆயிற்று. புது வாசகத்தை எழுதி முடித்தபோது, கோட்வால் பின்னால் வந்து நின்றார். திருவேங்கடமும் கையெழுத்துப் போட வந்திருந்தார்.

"திருத்திய தேதி ஜனவரி பத்து என்று போடம்மா" என்றார் கோட்வால்.

இன்றைக்கு மே இருபது. ஜனவரி என்று போட்டால், கெட்ட சரக்கு வருவதற்கு முன்பே வரைபடம் சரியாக இருந்ததாக ஆகும். சரியான வரைபடம் இருந்தும் பட்டறைக்காரரும் இன்ஸ்பெக்டரும் கெடுத்ததாக ஆகும்.

விசாலாக்ஷி பேனாவை மசியில் தோய்த்தாள்.

"தேதி எழுதறது என் கையெழுத்துல சார்" என்றாள். "நான் இன்னிக்குத்தான் எழுதறேன்."

"நான் சொல்கிறேன் அல்லவா?"

"அப்போ நீங்களே எழுதிடுங்கோ சார். பேனா இதோ இருக்கு."

நிப்பின் நுனியில் மசி சொட்டாமல் நின்றது. கோட்வால் அந்தப் பேனாவையே பார்த்தார். திருவேங்கடத்தையும் பார்த்தார். திருவேங்கடம் தரையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்வால் கடைசியில், சரி, இன்றைய தேதியே இருக்கட்டும், பெரிய விஷயமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் எழுதினாள். திருவேங்கடம் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம் இரண்டு பேருக்கும் சம்பள உயர்வு வரவில்லை.

பல் தீர்வதற்குள் வெளியே போயிருந்த கிட்டத்தட்ட இரண்டாயிரம் மெஷினில் ஆயிரத்தைந்நூற்றுச் சொச்சத்துக்குப் பல் மாற்றினார்கள். மிச்சம் எங்கே போயின என்று எந்த ஏஜெண்டுக்கும் தெரியவில்லை.

மாற்றுப் பல் முதல் சரக்கு வந்ததும், திருவேங்கடம் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போனார். அய்யாத்துரை பட்டறை வாசலில் நின்றிருந்தார்.

"என்ன சார், ஞாயித்துக்கெழம இன்ஸ்பெக்ஷனா?"

"உங்களைப் பாக்க வரலை. அந்தம்மா வீடு எது?"

அய்யாத்துரை முன்னால் நடந்தார். சந்து இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலம் இல்லை. பாதி வழியில் திருவேங்கடம் பின்னாலிருந்தே சொன்னார். "அந்த மூணு மாலும் சரியாத்தான் இருந்துது அய்யாத்துரை. தப்பு எம்பேர்லதான்."

அய்யாத்துரை திரும்பாமலே நடந்தார். "அந்தக் காலேஜு தாள எனக்கும் ஒண்ணு எழுதித் தாங்க சார். சட்டம் போட்டு பட்டறையில மாட்டணும். நாளைக்கு வேற எவனாவது வந்து நம்பர் கேப்பான்."

சாயிரா வாசல் பக்கம் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். உடைந்த பல்லுக்குப் பதிலாக, பழைய மெஷின் ஒன்றிலிருந்து கழற்றிய பல்லை மாட்டியிருந்தாள். அது துணியைக் கோணலாக இழுத்தது. இழுக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கையால் பிடித்தே தைக்கப் பழகியிருந்தாள். பெருநாள் எப்போதோ முடிந்துவிட்டது. வெட்டி வைத்த நாற்பதில் பதினெட்டு கவுன் கடைக்குப் போகவே இல்லை.

திருவேங்கடம் புதுப் பல்லை நீட்டினார். தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். சாயிரா எழுந்து இடம் கொடுத்தாள். அவர் தட்டைக் கழற்றி, ஸ்க்ரூவை முறுக்கிப் பல்லை மாட்டினார். துணித்துண்டு ஒன்றை வைத்து மிதித்துப் பார்த்ததும் துணி சுருண்டு ஊசியடியில் போய் அடைந்தது.

"உயரம் ஜாஸ்தி" என்றாள் சாயிரா.

அவர் இறக்கினார். இப்போது துணி நகரவே இல்லை.

"எத்தன வருசமா இந்தக் கம்பெனியில இருக்கீய?" என்று அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பிறகு அவர் கையிலிருந்து திருப்புளியை வாங்கிக்கொண்டு, பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க அந்தப் பக்கமா நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீய."

திருவேங்கடம் நகர்ந்து நின்றார்.